பாதையில் எத்தனை படி என்று சொல்லுங்கள்

வணக்கம். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் மலைப்பாதைகளில் வசதி வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். மெரினாவில் போட்டது போல மரப்பலகையைக் காட்டுக்குள்ளும் பரப்பினால் அது காடாக இருக்குமா? என் அம்மாவுக்கு முழங்கால் வலி. மலையேற ஆசைப்படுகிறார். அவருக்காக மலையை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.
– ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

மலையை மாற்ற வேண்டாம். மெரினாவில் மணலில் சக்கரம் புதையும், அதனால் பலகை போட்டார்கள். 2022 நவம்பரில் திறந்த அந்தப் பாதைக்கு 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் கடல்பக்கத்து முனையைப் பிய்த்துப் போட்டது. சரிசெய்து மறுபடி திறந்தார்கள். கெட்டியான மண்தரைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

அமெரிக்காவில் மத்திய அரசின் நிலங்களுக்கு 2013இல் விதிகள் வந்தன. அவற்றின்படி பாதைக்கு மூன்றடி அகலம் போதும். தரை உறுதியாக இருக்க வேண்டும், சிமென்ட் கட்டாயமில்லை. பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் சரிவென்றால் 200 அடிக்குள் மூச்சு வாங்கிக்கொள்ள ஐந்தடி நீளச் சமதளம் விட வேண்டும். நில அமைப்பு இடம் தராவிட்டால் விலக்கும் உண்டு. உங்கள் கவலைக்கான பதில் அந்த விலக்கிலேயே இருக்கிறது.

எனக்கு அந்த விதிகளில் பிடித்தது, பாதை தொடங்கும் இடத்தில் வைக்கச் சொல்லும் அறிவிப்புப் பலகை. நீளம், தரையின் தன்மை, மிகக் குறுகலான இடத்தின் அகலம், அதிகபட்ச ஏற்றம், பக்கவாட்டுச் சரிவு எல்லாம் அதில் இருக்கும். போகலாமா வேண்டாமா என்பதை வந்தவரே முடிவு செய்துகொள்வார்.

நம் ஊரில் 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ மலையேற்றத் திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளிது, மிதமானது, கடினம் என்று பிரித்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் கல்லூரிப் பையனுக்கு எளிதான பாதை உங்கள் அம்மாவுக்கு எப்படி இருக்கும்? முழங்கால் வலிக்காரர்களை ஏற்றத்தைவிட இறக்கம்தான் படுத்தும். எங்கே உயரமான படி, எங்கே உட்காரலாம், கழிப்பறை எங்கே என்று சொல்லிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. (கழிப்பறை இருக்காது என்று பயந்து எத்தனை பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறார்கள்! வெயிலில் ஏற அதைவிட மோசமான தயாரிப்பு கிடையாது.)

அப்புறம், அம்மாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள். உச்சிவரை போக வேண்டும் என்று அவர் சொன்னாரா, நீங்களாக நினைத்துக்கொண்டீர்களா? பாதி வழியில் திரும்பலாமா, உடன் யார் வருவார்கள் என்று முன்பதிவுக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.