வாசகர் கேள்வி – பதில்: பாலைநிலத்தில் கேமராவுடன்

கேள்வி: பாலைவனத்தில் நான் எடுத்த படங்கள் எல்லாம் தட்டையாகவே இருக்கின்றன. நேரில் கண்ட மணற்குன்றுகளின் உயரமும் வளைவும் படத்தில் வரவில்லை. அகலக் கோண லென்ஸ் ஒன்று வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பெரும்பாலும் சிக்கல் லென்ஸில் இல்லை, நீங்கள் படமெடுத்த நேரத்தில் இருக்கிறது. மணல் முழுவதும் ஏறக்குறைய ஒரே நிறம் என்பதால், அதன் வடிவத்தை நிழல்தான் காட்டித்தர வேண்டும். உச்சிவெயிலில் நிழல் இல்லை, ஆகவே குன்றும் இல்லை. காற்று வரும் பக்கம் மணற்குன்று மெல்லச் சரிந்து ஏறும். மறுபக்கம் ஏறத்தாழ 34 பாகைச் சரிவில் சட்டென இறங்கும், அதற்கு மேல் மணல் நிற்காமல் வழுக்கிவிடும். இவ்விரண்டும் சந்திக்கும் முகட்டின் ஒருபுறம் வெளிச்சமும் மறுபுறம் இருளும் விழும் நேரத்தில்தான், அதாவது சூரியன் அடிவானத்தை ஒட்டிப் பக்கவாட்டிலிருந்து வீசும் அந்தச் சிறு பொழுதில்தான், கண்ணுக்கு உயரம் புலப்படுகிறது.

ஆகவே முதல் நாள் மாலையே போய், கேமராவை வெளியே எடுக்காமல், எந்த முகடு எந்தத் திசையில் ஓடுகிறது, கதிரவன் எங்கே எழும் என்று பார்த்து வையுங்கள். படமெடுக்கப்போகும் மணலில் மட்டும் கால் வைத்துவிடாதீர்கள். என் முதல் பயணத்தில் ஆசை மிகுதியால் மிக அழகான முகட்டின்மேல் ஏறி இறங்கிவிட்டேன். மறுநாள் விடியலில் பார்த்தால் காற்றே வீசியிருக்கவில்லை, முகடு நெடுக என் காலடிகள்தான் இருந்தன.

லென்ஸைப் பற்றியும் கேட்டதால் சொல்கிறேன்: 70–200 மி.மீ. தொலைநோக்கு லென்ஸ் தொலைவிலுள்ள குன்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும், அகலக் கோணமோ அவற்றைச் சிறுக்கவைத்துவிடும். அளவை உணர்த்த, பார்ப்பவர் அறிந்த ஏதாவது ஒன்று படத்தில் இருக்கட்டும். நமீபியாவின் டெட்வ்லேயில், வெண்களிமண் தரையில் பல நூறு ஆண்டுகளுக்கு முன் பட்டுப்போய், வறட்சியால் மட்காமல் நிற்கும் மரங்கள் அந்த வேலையைத்தான் செய்கின்றன. காலையில் தரை நிழலில் இருக்க, பின்னாலுள்ள குன்று மட்டும் வெயிலில் செம்மஞ்சளாக எரியும்போது, மரங்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும்.

கேள்வி: வெண்மணல் படத்தில் சாம்பல் நிறமாக வருவது ஏன்?

பதில்: கேமராவின் ஒளிமானி எதையும் நடுச்சாம்பலாகவே கருதும். நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் போன்ற ஜிப்சம் மணற்பரப்பில் ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது இரு மடங்காக, ஒளியைக் கூட்டுங்கள், படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மணலிலிருந்து கேமராவைக் காப்பது எப்படி?

பதில்: வெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் சன்னல் கண்ணாடிகளை ஏற்றி மூடிய வண்டிக்குள் மாற்றுங்கள். லென்ஸில் படிந்த மணலைத் துணியால் துடைத்தால் கீறல் விழும், ஊதிப் போக்க வேண்டும். முக்காலியின் கடைசிக் கணுவைச் சிறிது நீட்டி ஊன்றினால் இணைப்புகள் மணலுக்கு மேலேயே இருக்கும். இதைச் செய்யாதவர்கள் முக்காலியைத் திருகும்போதெல்லாம் நறநறவென்ற ஒலியைக் கேட்பார்கள்.

கேள்வி: பால்வெளியைப் படமெடுக்க ஆளில்லாப் பாலைவனத்துக்குத் தனியாகப் போக எண்ணுகிறேன். உங்கள் கருத்து?

பதில்: படமெடுப்பது எளிது. அமாவாசையை ஒட்டிய இரவு, ஷட்டரைத் திறந்து வைக்க, 500-ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் நொடிகள், அதாவது 20 மி.மீ. லென்ஸுக்கு 25 நொடி. குளிரில் பேட்டரி விரைவில் சோர்வதால் மாற்றுப் பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போவதைத்தான் நான் ஏற்கவில்லை. துணையோடு போனாலும், ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீரும், அதற்கு மேல் இரண்டு நாள் கையிருப்பும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியும் வேண்டும். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லுங்கள். வண்டி பழுதானால் அதைவிட்டு நடக்காதீர்கள், ஏனெனில் தேடி வருபவர்களின் கண்ணில் மனிதனைவிட வண்டிதான் முதலில் படும். குறுகிய பாறைப் பிளவுகளுக்குள் இறங்குவதானால், தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேரை அடித்துச் சென்ற வெள்ளம், தொலைவில் பெய்த மழையிலிருந்து வந்தது.

கேள்வி: அமெரிக்காவின் டெத் வேலியில் தானே நகரும் கற்களின் தடங்களை அருகில் சென்று எடுக்கலாமா?

பதில்: ரேஸ்ட்ராக் பிளாயா என்னும் அந்த வறண்ட ஏரித்தரையில், இரவில் உறையும் மெல்லிய பனித்தகடுகள் பகலில் உடைந்து, இலேசான காற்றால் கற்களைத் தள்ளுகின்றன என்பதை ஆய்வாளர்கள் 2013-இல் நேரில் கண்டு, 2014-இல் வெளியிட்டார்கள். தரை காய்ந்திருந்தால் நடந்து சென்று எடுக்கலாம், கற்களைத் தொடக் கூடாது. வண்டியை அதன்மேல் ஓட்டத் தடை உண்டு. தரை ஈரமாக இருந்தால் கரையிலேயே நின்று தொலைநோக்கு லென்ஸால் எடுங்கள், ஈரச் சேற்றில் பதியும் காலடி ஆண்டுக்கணக்கில் அழிவதில்லை.