மடைவாயில் பறி வைக்க ஏற்ற காலம் எது?

கேள்வி: நன்னிலம் பக்கம் மூன்று ஏக்கரில் சம்பா போடுகிறோம். ஐப்பசி மழைக்குக் கெண்டை, குறவை, விரால் எல்லாம் வாய்க்காலிலிருந்து மடையேறி வயலுக்கு வரும். மடைவாயிலேயே பறி (மூங்கிலில் முடைந்த மீன்கூடு) வைத்துப் பிடிப்போம். வருடா வருடம் மீன் குறைந்துகொண்டே வருகிறது. என்ன காரணம் ஐயா?

பதில்: பறியை நீங்கள் சரியான இடத்தில்தான் வைக்கிறீர்கள், ஆனால் இரண்டு மூன்று மாதம் முந்திவிடுகிறீர்கள்.

கோடையில் ஆறும் வாய்க்காலும் வற்றி அங்கங்கே மடுவாக நிற்கும். அதில் நெருக்கியடித்துக் கிடக்கும் மீனுக்குச் சேறும் பாசியும் தவிர இரை அதிகம் கிடைக்காது. வயலில் தண்ணீர் தேங்கியதும் மடக்கி உழுத நெல்தாளும் எருவும் மட்கி நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றைத் தின்று கொசுப்புழுவும் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நீர்ப்பூச்சிகளும் பெருகும். பொரிந்து வந்த குஞ்சின் வாய்க்கு அடங்கும் இரை இதுதான். அதனால்தான் தாய்மீன் புதுத்தண்ணீரை எதிர்த்து ஏறுகிறது. அப்போது பிடிபடும் கெண்டையின் வயிற்றை லேசாக அழுத்திப் பாருங்கள், சினை பிதுங்கும். அந்த ஒரு மீனோடு அடுத்த வருடத்து மீனும் போய்விடுகிறது.

வயலில் செம்மஞ்சள் நிறத்தில் பொடிக்குஞ்சுகள் கூட்டமாகச் சுழன்றால் அடியில் விரால் காவல் நிற்கிறது என்று அர்த்தம். தயவுசெய்து அதில் ஊத்தா (மீனை மேலிருந்து மூடிப் பிடிக்கும் கூடை) போடாதீர்கள். தாய் போனால் குஞ்சு மொத்தமும் மற்ற மீனுக்கும் கொக்குக்கும் இரைதான்.

தை பிறக்கும்போது தண்ணீர் வடியும், இரையும் குறையும், கொழுத்த மீன் வாய்க்காலுக்குத் திரும்பும். பறி வைக்க அதுதான் காலம். மடையை ஒட்டி, வரப்போரமாக இரண்டடி அகலத்தில் ஒரு பள்ளம் வெட்டிவிடுங்கள். அறுவடைக்கு முன் தண்ணீரை ஒரே நாளில் திறந்துவிடாமல் மூன்று நாளாக வடித்தால் மீன் பள்ளத்தில் சேரும். பெரியதை எடுத்துக்கொண்டு, விரலளவு மீனை வாய்க்காலுக்கு விட்டுவிடுங்கள். பறியின் கண் இடைவெளியும் சின்ன மீன் நழுவிப்போகும் அளவுக்கு இருக்கட்டும்.

அப்புறம், பூச்சிமருந்து. சைபர்மெத்ரின் போன்றவை மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லும், மீனுக்கு இரையாகும் பூச்சிகளையும் சேர்த்து அழித்துவிடும். தண்ணீர் நிற்கும் வயலில் அதை அடிக்கவே வேண்டாம்; தெளிப்பானைக்கூட வாய்க்காலில் கழுவாதீர்கள். பக்கத்து வயல்காரர்களிடமும் பேசிப் பாருங்கள், மேல்மடையில் அவர்கள் அடிப்பதுதான் உங்கள் வயலுக்கு வருகிறது.