தெரு அமைப்பு அக்கம்பக்கத்தாரை நெருக்கமாக்குமா?

வீடுகளும் தெருவும் அமைந்திருக்கும் விதத்துக்கும் அக்கம்பக்க உறவுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயமாக உண்டு. நட்பைத் திட்டமிட்டு யாரும் தொடங்குவதில்லை, ஒரே முகத்தைத் தற்செயலாகத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது முதலில் ஒரு தலையசைப்பு, அப்புறம் இரண்டு வார்த்தை என்று அது தானாக வளர்கிறது.

என்னைக் கேட்டால் இந்த நெருக்கத்துக்கு முதல் எதிரி வாகனப் போக்குவரத்துதான். 1960களின் இறுதியில் நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஆராய்ந்தார். போக்குவரத்து குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்கள் இருந்தார்கள், நெரிசலான தெருவில் 0.9 பேர்தான். சத்தமும் பயமும் சேர்ந்தால் மக்கள் வீட்டின் பின்பக்க அறைகளுக்குள் ஒதுங்கிவிடுகிறார்கள், பிள்ளைகளும் வெளியே வருவதில்லை, பிள்ளைகள் வராத தெருவில் பெற்றோர் எங்கே நின்று பேசுவார்கள்?

அகலமான நடைபாதை, நிழல் தரும் மரம், முதுகு சாய்க்க வசதியுள்ள பெஞ்சு, நடந்தே போகக்கூடிய கடை எல்லாமே உதவும். உயர்ந்த மதில் கெடுக்கும். இடுப்பளவு சுவர் போதும், நின்றபடியே பேசலாம். தொலைவில் ஒரு பெரிய பூங்காவைவிட, போகிற வழியிலேயே இருக்கும் சின்னத் திடலில்தான் ஆட்கள் அதிகம் சந்தித்துக்கொள்வார்கள்.