குறட்டை விடும் பிள்ளைக்கு வல்லாரை போதுமா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. நேற்றுப் படித்த வாய்ப்பாடு இன்று மறந்துவிடுகிறது. வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதே இல்லை என்கிறார் டீச்சர். இரவு பத்தரைக்குத்தான் படுப்பான். தினமும் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விடுவான். என் கணவர் விசைப்படகில் போகிறவர். அவர் கரை திரும்பும் நாளில் ஐந்து மணிக்கே வீட்டில் விளக்கும் பேச்சுமாக இருக்கும்; இவனும் எழுந்துவிடுவான். ஞாபகசக்திக்கு வல்லாரை கொடுக்கலாமா?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: துவையல் அரைத்துத் தாராளமாகக் கொடுங்கள் அம்மா, நல்ல கீரை. ஆனால் அடைத்த மூக்கை அது திறக்காது. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய குறட்டைதான் எனக்கு உறுத்துகிறது.

குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறான் என்பார்கள் நம் பக்கத்துப் பாட்டிமார். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ தொண்டை டான்சிலோ வீங்கினால் மூச்சு போகும் வழி குறுகும். திணறும்போதெல்லாம் மூளை அரைகுறையாக விழிக்கும். பையனுக்கே அது தெரியாது. படித்தது மனதில் பதிவதற்கு வேண்டிய ஆழ்ந்த தூக்கம் இப்படித் துண்டு துண்டாகிவிடும். தூக்கம் கெட்ட பெரியவர் பகலில் தூங்கி வழிவார். பிள்ளைகளில் பலர் துறுதுறுவென்று அலைவார்கள். டீச்சர் பார்ப்பது அதுவாக இருக்கலாம்.

அவன் தூங்கும்போது மார்பு தெரியும்படி செல்போனில் ஓரிரு நிமிடம் வீடியோ எடுங்கள். நெஞ்சுக்குழி உள்வாங்குகிறதா, மூச்சு நின்று நின்று வருகிறதா என்று தெரியும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். கொசுவர்த்தியை நிறுத்திவிட்டு வலை கட்டுங்கள். புகை மூக்குக்கு ஆகாது.

கத்தி வைப்பார்களோ என்று இப்போதே கலங்க வேண்டாம். மூச்சுத்திணறலோடு தூங்கிய, 5 முதல் 9 வயதுவரையான 464 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. சதையை அகற்றியவர்களுக்குத் தூக்கமும் நடத்தையும் நன்றாகவே சீரடைந்தன. ஆனால் ஏழு மாதம் கழித்துக் கவனத் திறனைச் சோதித்தபோது, அகற்றாதவர்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. அகற்றாதவர்களிலும் பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு மூச்சு தானாகவே சரியானது. ஆகவே அறுவை சிகிச்சை நடந்தாலும் மறுமாதமே முதல் ரேங்க் எதிர்பார்க்காதீர்கள்.

இனி நேரக் கணக்கு. பத்தரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் ஆறரை மணி நேரம். இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். எட்டரைக்கே படுக்கட்டும். அப்பா வரும் நாளில் அடுக்களை விளக்கு மட்டும் எரியட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் உங்கள் வீட்டில் அந்த அதிகாலைச் சந்தடி இருக்காது; நேரத்தோடு தூங்கியும் பகலில் இதே ஓட்டமா என்று அப்போது கவனியுங்கள். மருத்துவரிடம் போவதற்கு மட்டும் அதுவரை காத்திருக்காதீர்கள்.