முதல் டிசம்பரில் மரம் வாங்காதே, தங்கச்சி

கருமாத்தூரிலிருந்து கனடாவின் ஸ்கார்பரோவுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, நாலு வயதுப் பிள்ளை கிறிஸ்துமஸ் ஸ்டார் கேட்டு அழுகிறது, கையில் காசு இல்லை, வீட்டிலேயே மலிவாக என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். கூடவே குளிர்கோட்டு எங்கே வாங்குவது, லைசென்ஸ் எப்படி எடுப்பது என்றும் கேட்டிருக்கிறாய். கோட்டைப் பற்றி அங்கே யாரைக் கேட்டாலும் அரை மணி நேரம் சொல்வார்கள். லைசென்ஸ் என் வீட்டுக்காரர் விவகாரம். நான் இன்னும் பஸ்தான். ஸ்டாருக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இப்போது மதுரையில் ஞானஒளிவுபுரத்து வீட்டில் உட்கார்ந்து அம்மாவுக்கு அதைத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் அங்கே போய் இறங்கியது 2003 நவம்பர் கடைசியில். வாடகைக்குக் கிடைத்தது ஒரு பேஸ்மெண்ட். ஜன்னல் வழியே பார்த்தால் தெருவில் போகிறவர்களின் பூட்ஸ் மட்டும்தான் தெரியும். நமக்கு முன்னால் வந்து நாலு காசு பார்த்துவிட்டவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒரு அம்மா வீட்டுக்கு வந்து, "இன்னும் மரம் வைக்கலையா?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே புத்தம் புது கிரெடிட் கார்டைத் தேய்த்து 7 அடி பிளாஸ்டிக் மரம் வாங்கிவந்தேன். பேஸ்மெண்ட் உயரமே ஆறரை அடி. கோயில் பிரசங்கத்தில் தூங்கி விழும் பெரியவர் மாதிரி உச்சி வளைந்து நின்றது. ஸ்டார் செருக இடமே இல்லை. டிசம்பர் 26 அன்று அதே கடையில் அதே மரம் பாதி விலை! நான் கடனை அடைத்து முடித்தது ஏப்ரலில். அங்கே கார்டு வட்டி வருஷத்துக்கு ஏறக்குறைய 20 சதவீதம். நம் ஊரில் அதற்கு வேறு பெயர்.

அதனால் மரத்தை விடு. வாசலில் காற்றடைத்த சாண்டா பொம்மையை நிறுத்தி ராத்திரி முழுக்க மோட்டார் ஓடவிட்டு, ஜனவரியில் கரண்ட் பில்லைப் பார்த்துப் புலம்புகிறவர்களையும் பார்த்துக் கொதிக்காதே.

அப்புறம் சீரியல் லைட். ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தால் பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், கனடாவில் 120. நான் ஒரு அடாப்டரைப் போட்டுச் செருகினேன். சாகப்போகிற மின்மினி மாதிரி மினுங்கியது. பிளக் பொருந்தினால் எல்லாம் பொருந்திவிடும் என்று நினைத்த அறிவாளி நான். அங்கிருந்து தம்பிக்கு ஆசையாக ஒரு செட் கொண்டுவந்த வருஷம், அவன் பிளக்கில் செருகிய நொடியில் டப்பென்று போனது. அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறார். பேட்டரியில் எரியும் எல்.இ.டி. சரம் டாலர் கடையில் இருக்கும், ஒன்று போதும்.

சரி, ஸ்டார். இங்கே மூங்கில் பிளாச்சில் கட்டுவோம். அங்கே மூங்கிலுக்கு எங்கே போவது என்று முழிக்காதே. கபாப் சுடுகிற மூங்கில் குச்சி, ஒரு அடி நீளம், கட்டுக் கட்டாக அதே டாலர் கடையில் கிடைக்கும். பிள்ளை இருக்கிற வீடு, முதலில் கூர்முனையை நறுக்கிப் போடு. ஐந்து குச்சியைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு ஐந்துமுனை நட்சத்திரமாக்கி, முனைகளை நூலால் கட்டு. அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டு. நடுவில் குச்சிகள் ஒன்றையொன்று வெட்டுகிற ஐந்து இடங்களிலும், இரண்டு சட்டத்துக்கும் நடுவே முட்டுக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் ஸ்டாருக்கு வயிறு உப்பும். எல்லோரும் பொறுமை இழப்பது இங்கேதான். மூன்றாவது முட்டு நிறுத்தும்போது முதல் முட்டு சரிந்து விழும். இரண்டு அங்குல ஐஸ் குச்சித் துண்டை எடுத்து, இரண்டு தலையிலும் கத்தியால் சின்னதாக வாய் வெட்டிவிடு. குச்சி அந்த வாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்பா எனக்குக் காட்டிக்கொடுத்தது.

ஒட்டக் காசு கொடுத்துப் பசை வாங்காதே. இரண்டு ஸ்பூன் மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இரு. வெள்ளை மங்கிக் கண்ணாடி மாதிரி வரும்போது இறக்கு. ஊரில் பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் ஒரு சிட்டிகை போடுவார்கள். நீ போடாதே, அது விஷம், பிள்ளை விரல் சூப்பும். சிவப்பு டிஷ்யூ பேப்பரை ஒட்டி, பின்பக்கம் ஒரு மடிப்பை மட்டும் ஒட்டாமல் விடு, விளக்குச் சரம் உள்ளே போக. ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காற்று வறண்டு கிடக்கும், பேப்பர் சீக்கிரமே முரசுத் தோல் மாதிரி விறைத்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் மதுரையைவிட கனடா மேல். நேற்று மழையோடு மழையாக நான் இங்கே ஒட்டியது இன்னும் தொளதொளவென்று தொங்குகிறது.

2004 டிசம்பரில் இப்படி ஒன்று கட்டி அந்தப் பேஸ்மெண்ட் ஜன்னலில் தொங்கவிட்டேன். அங்கே அந்த மாதத்தில் நாலே முக்காலுக்கெல்லாம் பொழுது இருட்டிவிடும். பாதி ஜன்னல் வரை பனி ஏறிக் கிடந்தது, அதன்மேல் சிவப்பாக வெளிச்சம் விழுந்தது. போய்க்கொண்டிருந்த ஒரு ஜோடி பூட்ஸ் நின்றது. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். மாடியில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்து அம்மா. "நத்தாருக்குச் செய்தனீங்களோ?" என்றார். நத்தார் யாரோ ஆள் என்று நினைத்து, "அவர் இங்கே இல்லையேம்மா" என்றேன். கிறிஸ்துமஸைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று அப்புறம்தான் புரிந்தது. தன் பேரனுக்கு ஒன்று கட்டச் சொன்னார். குளிர்கோட்டு எங்கே மலிவு, எந்த பஸ் எங்கே போகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மரம் வைக்கவில்லையா என்று கேட்ட நம் ஊர் அம்மா, அந்த ஸ்டாரைப் பார்த்து, "இன்னும் ஊர்ப் பழக்கம் போகலையா?" என்றார்.

குடிலுக்கு, காய்கறி வாங்கும் பழுப்புக் காகிதப் பையைக் கசக்கி, ஆறிப்போன காபியைத் தெளித்துக் காயவிடு, பாறை தயார். அப்பா சிமெண்ட் பையில் செய்வார். புல்லுக்கு, ஈரப் பஞ்சின்மேல் வெந்தயம் தூவி ஹீட்டர் பக்கத்தில் வை, ஒரு வாரத்தில் எழும்பிவிடும். பஞ்சு உருண்டைக்கு நாலு கிராம்பைக் கால்களாகச் செருகினால் ஆடு. என் மகள் பதினோரு ஆடு செய்து, பிரியாணிக்குக் கிராம்பு இல்லாமல் என்னைத் தேட வைத்தாள்.

சொரூபம் மட்டும், மதுரைக்குப் பக்கத்தில் மண்பொம்மை செய்கிற ஊரான விளாச்சேரியில் செய்ததுதான் எனக்கு வேண்டும். 2006-ல் அம்மா மாதாவையும் சூசையப்பரையும் பாலனையும் வைக்கோலில் சுற்றிக் கொடுத்துவிட்டார். வைக்கோல், விதை, மண் எல்லாவற்றையும் சுங்கத்தில் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியாது, சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து வைக்கோலை ஒரு இழை விடாமல் எடுத்துக்கொண்டார்கள். வெறும் பொம்மைகள் பெட்டியில் உருண்டு, வீட்டுக்குப் போவதற்குள் சூசையப்பருக்கு ஒரு கை போய்விட்டது. அந்த 24-ஆம் தேதி ராத்திரி குடில் முன்னால் சாம்பிராணி போட்டேன், வீடு முழுக்க அலாரம் அலறியது. வீட்டு ஓனர் பைஜாமாவோடு இறங்கி வந்தார். நீ மெழுகுவர்த்திகூடக் காகிதக் குடில் பக்கத்தில் ஏற்றாதே. பேட்டரி மெழுகுவர்த்தி வைத்துக்கொள்.

நான் டிசம்பர் 10 அன்று திரும்புகிறேன். வியாழக்கிழமை விளாச்சேரி போவேன். பாலன் எத்தனை அங்குலம் வேண்டும் என்று அதற்குள் சொல். இந்தத் தடவை அம்மாவின் பழைய சேலையில்தான் கட்டிக் கொண்டுவருவேன். சூசையப்பர் மட்டும் உனக்கு இரண்டு வாங்குகிறேன்.