‘டீகப்’ பொமரேனியனும் ‘மினி ஹஸ்கி’யும்: வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: எங்கள் ஏழு வயது மகள் நாய்க்குட்டி வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்கிறாள். விற்பவர் ஒருவர் இரண்டு குட்டிகளின் வீடியோ அனுப்பியிருக்கிறார். ஒன்று ‘டீகப் பொமரேனியன்’. எட்டு வாரக் குட்டி, எடை 350 கிராம், வளர்ந்தாலும் ஒரு கிலோவைத் தாண்டாது என்கிறார். இன்னொன்று நீலக் கண் ‘மினி ஹஸ்கி’. முயல் அளவுக்குத்தான் வளருமாம். இரண்டுக்கும் சாதாரணக் குட்டியைவிடப் பல மடங்கு விலை கேட்கிறார். இப்படி இனங்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: இரண்டு பெயரிலும் இனம் கிடையாது. முன்பணம் கொடுக்கவில்லை என்றால் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். அதற்காக அந்தக் குட்டிகளையே ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. பெயரை ஓரமாக வைத்துவிட்டு, ‘இந்தக் குட்டி ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது?’ என்று கேளுங்கள். ஒரு குட்டி சின்னதாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். வயது குறைவாக இருக்கலாம், வயிறு காய்ந்திருக்கலாம், நோய் இருக்கலாம், கலப்பாக இருக்கலாம், உண்மையிலேயே சிறிய உடம்பாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் பணம் கொடுக்கக் கூடாது.

முதலில் பெயர் விஷயத்தை முடித்துவிடுவோம். பிரிட்டனின் கென்னல் கிளப், அமெரிக்கன் கென்னல் கிளப், பல நாட்டு அமைப்புகள் சேர்ந்த எஃப்.சி.ஐ. என எந்தப் பெரிய அமைப்பின் இன வரையறையிலும் ‘டீகப்’ என்ற பிரிவு இல்லை. ‘மைக்ரோ’, ‘பாக்கெட் பீகிள்’, ‘இம்பீரியல் ஷீ ட்ஸூ’ எல்லாமே விற்பனைக்காக ஒட்டிய பெயர்கள். பொமரேனியனுக்கு அமெரிக்க வரையறை சொல்லும் எடை சுமார் 1.4 முதல் 3.2 கிலோ. அதாவது பொமரேனியன் என்பதே சிறிய நாய்தான். ‘டெடி பேர் முகம்’, ‘நரி முகம்’ என்பதும் தனி வகை இல்லை, ஒரே இனத்துக்குள் இருக்கும் முக வேறுபாடு.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், சில இனங்களில் அளவைக் குறிக்கும் சொல் நிஜமாகவே உண்டு. பூடிலில் டாய், மினியேச்சர், ஸ்டாண்டர்டு என்று பிரிவுகள் இருக்கின்றன. அமெரிக்க வரையறைப்படி டாய் பூடிலின் தோள் உயரம் 10 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், மினியேச்சர் 15 அங்குலம் வரை போகலாம். ஷ்னாவுசரில் மூன்று அளவுகள். டாக்ஸ்ஹண்டில் மினியேச்சர் உண்டு. மினியேச்சர் பின்ஷரை ‘குட்டி டாபர்மேன்’ என்று சொல்லி விற்பார்கள், அது தவறு. பின்ஷர் வேறு இனம், டாபர்மேனைவிடப் பழையது. ஆக, உண்மையான அளவுப் பெயருக்குப் பின்னால் ஓர் அளவுகோல் இருக்கும். ‘டீகப்’புக்கு எத்தனை கிலோ, எத்தனை அங்குலம் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள்.

அடுத்தது வயது. உங்கள் விஷயத்தில் எனக்கு இதில்தான் அதிகச் சந்தேகம். இவ்வளவு சிறிய இனங்களில், எட்டு வார எடையைப் போலச் சுமார் மூன்று மடங்கு வளர்ந்த நாயின் எடை என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. 350 கிராம் குட்டிக்கு உண்மையிலேயே எட்டு வாரம் ஆகியிருந்தால், அது ஒரு கிலோ அளவில் நின்றுபோகும் மிக நலிந்த குட்டி. ஆனால் அதே 350 கிராம், நாலைந்து வாரப் பொமரேனியன் குட்டிக்குச் சாதாரண எடை. அது இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் வளரும். தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்து, வயதைக் கூட்டிச் சொன்னால், எந்தச் சாதாரணக் குட்டியும் ‘டீகப்’ ஆகிவிடும். வாங்கியவருக்கு விஷயம் புரிய ஆறு மாதம் ஆகும். அதற்குள் விற்றவர் போன் எண்ணை மாற்றியிருப்பார்.

இதைக் கண்டுபிடிக்கப் பல்லைப் பாருங்கள். பால் பற்களில் கோரைப்பல் மூன்று நான்கு வாரத்திலும், முன்பற்கள் நான்கு முதல் ஆறு வாரத்திலும் முளைக்கும். கன்னப் பக்கத்துப் பற்கள் அதற்கும் பின்னால் வரும். எட்டு வாரத்தில் 28 பால் பற்களும் பெரும்பாலும் வந்திருக்கும். சின்ன இனங்களில் ஓரிரு வாரம் தள்ளிப் போகலாம் என்பதால் பல்லை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கன்னத்துப் பற்களே இல்லை, தட்டில் வைத்த தீனியையும் தின்னத் தெரியவில்லை, நடையில் தள்ளாட்டம் என்று எல்லாம் சேர்ந்து வந்தால் அது எட்டு வாரக் குட்டி இல்லை. சீக்கிரம் பிரித்த குட்டிக்கு உடம்பில் தெம்பு குறைவு. கடிக்கும்போது எவ்வளவு அழுத்தலாம் என்பதைக்கூடத் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான் அது கற்றுக்கொள்ளும். அந்தப் பாடமும் போய்விடும்.

வயது சரிதான் என்றால் அடுத்த சந்தேகம் நோய். குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போகும் பிறவிக் கோளாறு ஒன்று உண்டு. யார்க்ஷயர் டெரியர் போன்ற சிறிய இனங்களில் இதை அதிகம் பார்க்கிறோம். அந்தக் குட்டி வளராது, சாப்பிட்டபின் மந்தமாகிவிடும். விற்பவர் அதையே ‘சாதுவான டீகப்’ என்பார். உச்சிக்குழி பெரிதாகத் திறந்தே இருப்பதும், தலை உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருப்பதும் மூளையில் நீர் கோத்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அந்த உருண்டைத் தலையைத்தான் படத்தில் எல்லோரும் அழகு என்று ரசிக்கிறோம் என்பது எனக்கு மிகவும் வேதனையான விஷயம்.

நோயே இல்லாவிட்டாலும், இவ்வளவு சிறிய உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. ஒருமுறை, காலையில் தீனி தின்னாத ஒரு ‘டீகப்’ குட்டியை மதியம் துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்கள். உடம்பு ஜில்லென்று, கழுத்து துவண்டு, வலிப்பு தொடங்கியிருந்தது. ரத்தச் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிருந்தது. பிழைத்தது. ஆனால் ‘ஒரு வேளை சாப்பிடவில்லை, அவ்வளவுதானே டாக்டர்’ என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே இப்படி ஒரு குட்டி இருந்தால் ஒரு நாளைக்கு நான்கு முதல் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சோர்ந்து துவண்டால் தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவி, கதகதப்பாகச் சுற்றி, உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வாய்க்குள் ஊற்ற வேண்டாம், புரை ஏறிவிடும்.

‘அப்பா, அம்மா இரண்டுமே டீகப், அதனால் குட்டியும் அப்படியே நிற்கும்’ என்ற உத்தரவாதத்தையும் நம்ப வேண்டாம். ஒரு கிலோ நாயால் பத்திரமாகக் குட்டி ஈன முடியாது, பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். அதனால் இத்தகைய குட்டிகள் பெரும்பாலும் சாதாரண அளவுத் தாய்க்குப் பிறந்த கடைசிச் சோனிக் குட்டிகளே. உயரத்தையும் எடையையும் ஒரே ஒரு மரபணு முடிவு செய்வதில்லை. நாய்களின் உருவம் சிறுப்பதில் ஐ.ஜி.எஃப்.1 என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று 2007இல் கண்டறிந்தார்கள். அது தவிர இன்னும் பல மரபணுக்கள் சேர்ந்துதான் அளவை நிர்ணயிக்கின்றன. ஆகவே ‘ஒரு கிலோவைத் தாண்டாது’ என்று யாராலும் எழுதிக்கொடுக்க முடியாது.

சரி, ‘மினி ஹஸ்கி’க்கு வருவோம். சைபீரியன் ஹஸ்கியில் ஆண் 20 முதல் 27 கிலோ, பெண் 16 முதல் 23 கிலோ. அதில் மினியேச்சர் பிரிவு இல்லை. உங்களுக்குக் காட்டுவது ஹஸ்கியும் பொமரேனியனும் கலந்த ‘பாம்ஸ்கி’யாக இருக்க வாய்ப்பு அதிகம். அல்லது வயதைக் கூட்டிச் சொன்ன சாதாரண ஹஸ்கிக் குட்டி. ஹஸ்கி சாயலில் அலாஸ்கன் கிளீ காய் என்ற தனி இனமும் உண்டு. அமெரிக்காவின் யுனைடெட் கென்னல் கிளப் 1997இல் அதை அங்கீகரித்தது. அதுதான் என்றால் விற்பவர் அந்தப் பெயரையே பெருமையாகச் சொல்வார். நீலக் கண்ணுக்கும் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

கலப்பினம் என்பது குறை இல்லை. நான் பார்த்த மிக ஆரோக்கியமான நாய்களில் பல கலப்புதான். ஆனால் இவ்வளவு அளவு வித்தியாசம் உள்ள இரண்டு இனங்களைக் கலந்தால், ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்று ஐந்து கிலோவிலும் இன்னொன்று அதைப்போல இரண்டு மடங்கிலும் நிற்கலாம். குணத்தில் ஹஸ்கியின் ஓட்டமும் ஊளையும் வரலாம். கலப்பு என்று சொல்லி விற்றால் அது நேர்மை. ‘அரிய இனம்’ என்று சொல்லி விலையை ஏற்றினால் அது ஏமாற்று. ‘அலர்ஜி வராத நாய்’ என்ற பேச்சும் இப்படித்தான். அலர்ஜியைத் தூண்டும் புரதம் எச்சிலிலும் தோல் துகளிலும் இருக்கிறது, முடி உதிராததால் அது மறைந்துவிடாது.

‘பேப்பர் இருக்கிறது’ என்பார்கள். பரம்பரைச் சான்றிதழ் பெற்றோர் யார் என்று விற்பவர் பதிந்ததைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. எந்த நாயையும் பதிவு செய்துகொடுக்கும் பெயரளவு அமைப்புகளும் இருக்கின்றன. சான்றிதழில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் குட்டியின் உடம்பில் ஸ்கேன் செய்தால் வரும் 15 இலக்க எண்ணும் ஒன்றா என்று மட்டுமாவது பாருங்கள். கன்னத்து உட்புறத்தைத் துடைத்து எடுக்கும் டி.என்.ஏ. சோதனை கலப்பை ஓரளவு காட்டிக்கொடுக்கும், ஆனால் வாங்கிய பிறகு செய்து என்ன பயன்?

உங்கள் வீட்டுக்கு என்று சொன்னால், ஏழு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு கிலோ நாய் வேண்டாம். மகள் ஆசையாகத் தூக்கும்போது சோபா உயரத்திலிருந்து நழுவினாலே முன்னங்கால் எலும்பு முறியும். அது அவளுடைய தப்பும் இல்லை, நாயின் தப்பும் இல்லை. ஐந்தாறு கிலோவுக்கு வளரும், சாந்தமான பெற்றோருக்குப் பிறந்த ஒரு குட்டி, கலப்பாக இருந்தாலும் சரி, அவளோடு ஓடி விளையாடும்.

அந்தப் பொமரேனியன் குட்டி மனதை விட்டு அகலவில்லை என்றால் விற்பவரிடம் நேரலை வீடியோ கேளுங்கள். குட்டி தாயிடம் இருக்க வேண்டும், கூடவே உடன்பிறப்புகளும் வேண்டும். தாயையும் குட்டியையும் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறந்த தேதியை எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் பார்த்த பிறகே பணம் தருவேன் என்று சொல்லுங்கள். தாயைக் காட்ட மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.