சிட்டிஜிஎம்எல்லில் பொதுப் பண்பை அப்படியே எழுதினால் கோப்பு செல்லாது என்று சரிபார்ப்பு ஏன் சொல்கிறது?

சிட்டிஜிஎம்எல் என்பது நகரங்களின் முப்பரிமாண மாதிரிகளைச் சேமிக்கும் தரம். அதில் ஒரு கட்டடத்துக்குச் சொத்துவரி எண்ணைச் சேர்க்க, கோப்பின் அமைப்பு விதிகளான ஸ்கீமாவில் கண்ட ‘ஜெனரிக் அட்ரிப்யூட்’ (பொதுப் பண்பு) உறுப்பை நேரடியாக எழுதியிருக்கிறீர்கள். சரிபார்ப்பு அதை ஏற்காது. அது அருவமானது, அதாவது கோப்பில் நேரடியாக வரக்கூடாதது; பஸ் இருக்கையில் போட்டு வைத்த கைக்குட்டை போன்றது. உட்காரப்போகிறவர் வேறு.

2012-இல் வந்த 2.0 பதிப்பில் அப்படி உட்காரக்கூடிய மதிப்பு வகைகள்: சரம் (எழுத்துத் தொடர்), முழு எண், தசம எண், தேதி, இணைய முகவரி, அலகுடன் கூடிய அளவு. இவற்றில் ஒன்றைத் தேர்ந்து, பெயரையும் மதிப்பையும் கொடுங்கள். வரி எண்ணுக்குச் சரம்தான் சரி. முழு எண்ணாக வைத்தால் 00417 என்பதை ஏதாவதொரு மென்பொருள் 417 ஆக்கிவிடும். அதை நீங்கள் கூட்டிப் பெருக்கவும் போவதில்லை.

உயரம், கட்டிய ஆண்டு போன்றவற்றை இப்படித் திணிக்காதீர்கள். அவற்றுக்குத் தரத்திலேயே தனி இடம் உண்டு. பொதுப் பண்பின் பெயரை ஸ்கீமா கண்காணிப்பதில்லை. நீங்கள் ‘வரிஎண்’ என்பீர்கள், அடுத்த அலுவலகம் ‘வரி_எண்’ என்னும். இரண்டுமே சரிபார்ப்பில் தேறும், தேடலில்தான் மாட்டும். பல அலுவலகங்கள் பரிமாறும் தரவு என்றால், ஏடிஇ எனப்படும் முறையான ஸ்கீமா விரிவாக்கத்தை எழுதுவதே நல்லது. வேலை கூடுதல்தான். ஒன்றிரண்டு பண்புகளுக்கு அது தேவையில்லை.